அண்ணன் எடுத்துக் கொடுத்த புத்தகங்கள்

மருத்துவக் கல்லூரியின் பின்வாசலுக்கு எதிரே ஒரு புத்தகக் கடை. மருத்துவப் புத்தகங்களைத் தவிர வேறெதுவும் அங்கே கிடைக்காது. மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரைவரை அலமாரி; மேல்தட்டுகளை எட்ட ஒரு மர ஏணி. அந்த ஏணியில் பன்னிரண்டு வருடமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தவனை மாணவர்கள் ‘அட்டை அண்ணன்’ என்று அழைத்தார்கள். அவனிடம் புத்தகத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. “அண்ணே, பச்சை அட்டை, ஓரத்துல சிவப்புக் கோடு” என்றால் போதும், எடுத்து மேசைமேல் வைத்துவிடுவான். ஒட்டிக்கொண்டால் விடமாட்டான் என்பதாலும் அந்தப் பெயர் பொருந்துகிறது என்று சிலர் சிரிப்பார்கள். தேவையில்லாத புத்தகத்தை வாங்க வந்தவர், அது தேவையில்லை என்று ஒப்புக்கொள்ளும்வரை அவன் விடுவதில்லை. கடை முதலாளி இதைக் கண்டும் காணாமல் இருந்தார். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் அடுத்த வருடமும் அதே கடைக்கு வந்தார்கள்.

அவன் மருத்துவம் படித்தவன் இல்லை. பரீட்சை என்றாலே அவனுக்குக் கை வியர்க்கும். பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டான். அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. “எல்லாரும் புத்தகத்தை உள்ள இருந்து பாக்கறாங்க, நான் வெளிய இருந்து பாக்கறேன்” என்பான்.

அவனுக்குப் பத்து வயது இளையவள் அவன் தங்கை. பேச்சில் இருந்த வேகத்துக்காக வீட்டில் அவளுக்குக் ‘குருவி’ என்று பெயர். எதிர்வாசல் கல்லூரியில்தான் படித்தாள். உடற்கூறு, மருந்தியல் என்று வகுப்பறைப் பாடங்களையெல்லாம் முடித்து, மறுவாரம் முதல்முறையாக வார்டுக்குள் போகப்போகிறாள். பொது மருத்துவத்தில் பன்னிரண்டு வாரம், அறுவை சிகிச்சையில் பன்னிரண்டு வாரம், பிறகு பிரசவம், குழந்தைகள் என்று வருடம் முழுவதும் ஒவ்வொரு பிரிவாகச் சுற்றி வர வேண்டும். அதற்கான புத்தகங்களை வாங்க ஒரு மதியம் கடைக்கு வந்தாள். கையில் ஒரு பட்டியல். வகுப்பில் முதலிடம் வாங்கும் பெண் எழுதிக் கொடுத்தது. பதினோரு புத்தகங்கள்.

அண்ணன் பட்டியலை மேலிருந்து கீழ் ஒருமுறை படித்துவிட்டு மடித்தான்.

“இத்தனையும் எதுக்கு?”

“எல்லாரும் வாங்கறாங்க.”

“எல்லாரும் வாங்கறாங்கதான். படிக்கறாங்களா? இங்க வா.”

பழைய புத்தகங்கள் இருந்த மூலைக்கு அவளைக் கூட்டிப்போனான். படிப்பு முடித்தவர்கள் திருப்பித் தந்தவை அவை. இரண்டு பாகமாக வந்த பெரிய மருத்துவ நூலின் முதல் பாகத்தை எடுத்து, முதுகைத் திருப்பி, தாள்களின் விளிம்பை அவளுக்குக் காட்டினான். விரல் பட்டுப் பட்டு ஆரம்பப் பக்கங்கள் பழுப்பேறிக் கிடந்தன. அதற்குமேல் கடைசிவரை உப்பு மாதிரி வெள்ளை.

“பத்து பிரதி வந்தாலும் இப்படித்தான். முதல் அத்தியாயத்தோட நின்னுடுவாங்க. மீதி தலைக்கு வச்சுத் தூங்கறதுக்கு.” பிறகு ஒல்லியான ஒரு புத்தகத்தை எடுத்தான். நோயாளியை எப்படிப் பரிசோதிப்பது என்று சொல்லும் கையேடு. முதுகு பிளந்து, ஒட்டுப்போட்டு, மறுபடி பிளந்திருந்தது. விளிம்பு முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை ஒரே கருமை. “இது சாதாரணமா திரும்பி வராது. வந்தா இந்தக் கோலத்துலதான் வரும். கேட்டா கேளு, வார்டுக்கு முதல்ல இது ஒண்ணு. சட்டைப் பைக்கு மருந்துக் கையேடு ஒண்ணு. ஈசிஜி படிக்க அந்தச் சின்ன நீலம். பெரிசை லைப்ரரில பாத்துக்கோ. எந்த வியாதியைப் பாத்தியோ அன்னிக்கு அதை மட்டும் அதுல படி.”

“நீ என்ன டாக்டரா?”

“இல்ல. ஆனா புத்தகத்துக்கு என்ன வியாதின்னு சொல்லிடுவேன்.”

குருவிக்குக் கோபம் வந்தது. மூன்று வருடம் படித்தவள் அவள். ஏணியில் நிற்பவன் சொல்லும் புத்தகத்தை வாங்கிக்கொண்டு முதலிடக்காரியின் முன்னால் எப்படிப் போய் நிற்பது? பதினொன்றையும் எடுத்துத் தரச் சொன்னாள். தங்கை என்பதாலோ என்னவோ, அன்று மட்டும் அவன் விட்டுக்கொடுத்தான். இரண்டு பைகளில் கட்டி, தானே வீடுவரை சுமந்து வந்தான். மூன்றாவது மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு இடங்களில் பைகளைக் கீழே வைத்து நின்றான். “உன் அறிவு ரொம்பக் கனம்” என்றான். அவள் சிரிக்கவில்லை.

வீட்டில் அம்மா தையல் இயந்திரத்தின் முன் இருந்தாள். மருத்துவமனைச் சீருடைகள் தைக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. மகளின் வெள்ளைக் கோட்டை வீட்டில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கப்பலில் சமையல்காரர், வருடத்தில் எட்டு மாதம் கடலில். பைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்த புத்தகங்களை அம்மா அளவெடுப்பதுபோலப் பார்த்தாள்.

“பாக்கெட்டு எவ்வளவு பெரிசு வைக்கணும்? இது எதுவும் உள்ள போகாதேடி.”

*

வார்டில் முதல் வாரம் குருவியின் சிறகு ஒடிந்தது.

அவர்கள் எட்டுப் பேர். அவர்களுக்குப் பொறுப்பான பேராசிரியர் குள்ளமான பெண்மணி. குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் நாள், மூச்சுத்திணறலோடு வந்திருந்த ஒரு தச்சரின் கட்டிலருகே குருவியை முன்னால் அழைத்தார். மூச்சுத்திணறலுக்கு என்னென்ன காரணங்கள் என்று கேட்டார். குருவி இருபத்து மூன்று காரணங்களை மூச்சுவிடாமல் சொன்னாள். பெரிய புத்தகத்தில் இருந்த வரிசையிலேயே சொன்னாள்.

“நல்லது. இதுல இவருக்கு எது?”

குருவி தச்சரைப் பார்த்தாள். அவர் உதவி செய்ய ஆசைப்படுபவர்போல அவளைப் பார்த்தார். எங்கே கை வைப்பது, முதலில் கழுத்தைப் பார்ப்பதா, நெஞ்சைத் தட்டுவதா, அவரை உட்கார வைப்பதா, எதுவும் தெரியவில்லை. ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நடு நெஞ்சில் வைத்தாள். சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று தெரியவில்லை.

“அம்மா,” என்றார் தச்சர் மெதுவாக, “காதுல அதைத் திருப்பி மாட்டியிருக்கீங்களோ?”

திருப்பித்தான் மாட்டியிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அன்று மாலை கடைக்குப் போனாள். அண்ணன் மேசைக்கடியிலிருந்து அந்த ஒல்லிப் புத்தகத்தின் புதிய பிரதியை எடுத்து நீட்டினான். அவளுக்காக அதை முன்பே ஒதுக்கி வைத்திருந்தான் என்பது அவளுக்குப் புரிந்தது. வாங்கிக்கொண்டு, “சரி” என்று மட்டும் சொன்னாள். அந்தக் குடும்பத்தில் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

அந்தப் புத்தகம் வேறு மாதிரி இருந்தது. வியாதிகளின் பெயரிலிருந்து அது தொடங்கவில்லை. அறைக்குள் நுழையும்போது நோயாளி எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பார் என்றது. கையைக் குலுக்கு, அது சூடா சில்லிப்பா என்று கவனி என்றது. இதயம் பற்றிய அத்தியாயத்தின் தொடக்கத்தில், கோளாறைக் கேட்க ஆசைப்படாதே, முதலில் நூறு நல்ல இதயங்களைக் கேள் என்று எழுதியிருந்தது. வீட்டிலிருப்பவர்களிடமிருந்து தொடங்கச் சொன்னது.

குருவி நோட்டில் எண் போட்டுக் கேட்கத் தொடங்கினாள். முதல் இதயம் அம்மாவுடையது. பிறகு அம்மா வேலை செய்யும் தையல் கூடத்தில் உணவு இடைவேளையில் பதினான்கு பேர். பக்கத்து வீட்டு ஓட்டுநர். அவர் மனைவி. வகுப்புத் தோழர்கள். லப், டப். லப், டப். முதல் பத்து இதயங்களில் வெறும் சத்தம்தான் கேட்டது. இருபதைத் தாண்டியபோது, இரண்டாவது ஒலி உண்மையில் ஒற்றை ஒலி இல்லை என்று அவளுக்குக் கேட்க ஆரம்பித்தது. இதயத்தின் இரண்டு கதவுகள் அடுத்தடுத்துச் சாத்தும் ஓசை அது. மூச்சை இழுக்கும்போது ஒரு கதவு இமைப்பொழுது பிந்துகிறது. டப் என்பது ‘டடப்’ ஆகிறது. மூச்சை விடும்போது இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிடுகிறது. புத்தகத்தில் இரண்டு வரிதான் அது. ஒரு தையல்காரப் பெண்ணின் நெஞ்சில் அதை முதன்முதலாகக் கேட்டபோது குருவி இன்னும் மூன்று முறை மூச்சை இழுத்து விடச் சொன்னாள். அந்தப் பெண் பிறந்ததிலிருந்து இது நடந்துகொண்டிருக்கிறது. உலகத்தில் யாருக்கும் இது தெரியாது, அவளுக்கே தெரியாது.

வீட்டில் இன்னொரு தொல்லையும் ஆரம்பித்தது. படிக்கும் வியாதியெல்லாம் குருவிக்கு எதிரில் இருப்பவரிடம் தெரிந்தது. அம்மாவின் கழுத்தைத் தடவித் தைராய்டு என்றாள். ஓட்டுநரின் நகத்தைப் பார்த்து நுரையீரல் என்றாள். அது வண்டி மசகு. கப்பலிலிருந்து அப்பா தொலைபேசியில் இருமியபோது மூன்று காரணங்கள் சொன்னாள். “உங்க டாக்டரம்மாகிட்ட சொல்லு, மிளகாய் வறுத்துக்கிட்டிருக்கேன்னு” என்றார் அவர் அம்மாவிடம். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்தாலே எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள்.

*

அண்ணனுடையது நாற்பத்தோராவது இதயம். வாரம் முழுவதும் கடையிலேயே கிடப்பவன். ஒரு விடுமுறை நாள் காலையில்தான் கையில் கிடைத்தான். பாயில் படுத்துக்கொண்டு பத்திரிகையைப் படித்தபடியே சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

லப், டடப். லப், டடப்.

“மூச்சை இழு.”

டடப்.

“விடு.”

டடப்.

மறுபடி இழுக்கச் சொன்னாள். விடச் சொன்னாள். இரண்டு கதவுகளும் சேரவே இல்லை. இழுத்தாலும் விட்டாலும் நடுவில் அதே இடைவெளி, அளவெடுத்து வெட்டியதுபோல. அதற்கு முன்னால், லப்புக்கும் டப்புக்கும் நடுவே, தூரத்தில் யாரோ துணியை இழுப்பதுபோல ஒரு மெல்லிய உரசல்.

குருவி ஸ்டெதஸ்கோப்பின் வட்டை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். தன் நெஞ்சில் வைத்துக் கேட்டாள். டடப், டப், டடப், டப். அவளுடையது சேர்ந்தது. மறுபடி அவன் நெஞ்சில் வைத்தாள். சேரவில்லை.

“என்ன, எனக்குப் பிரசவமா?” என்றான் அண்ணன் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல். அடுப்பறையில் அம்மா சிரித்தாள்.

“ஒண்ணுமில்ல” என்றாள் குருவி. ஒல்லிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். படுத்த நிலையில் சிலருக்கு, அதிலும் இளையவர்களுக்கு, இரண்டு ஒலிகளும் பிரிந்தே கேட்கலாம், நம்பாதே. உட்கார வைத்துக் கேள் என்றது புத்தகம். உள்ளே போய் அவனை உட்கார வைத்துக் கேட்டாள். சேரவில்லை. உட்கார்ந்தும் சேராவிட்டால், என்று அடுத்த வரி ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அந்தக் கையேடு அதிகம் சொல்லவில்லை. பெரிய நூல்களைப் பார் என்று முடித்துவிட்டது.

வீட்டில் இருந்த பெரிய நூலில் பார்த்தாள். நாலு பத்தி இருந்தது. படிக்கப் படிக்க அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை குறைந்தது. தைராய்டும் மசகும் மிளகாயும் நினைவுக்கு வந்தன. இன்னொரு புத்தகம் இதையே சொல்கிறதா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் மதியம் கடையில் கூட்டமில்லை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். குருவி தரையில் உட்கார்ந்துகொண்டு, “இதயத்தைப் பத்தி என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எடு” என்றாள்.

“பரீட்சையா?”

“கிட்டத்தட்ட.”

அவன் ஏணியில் ஏறினான். இதய நூல்கள் மேல்தட்டில் இருந்தன. ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தான். இது கேட்டுப் பழக. இதுல படம் நல்லா இருக்கும். இது குழந்தைங்களுக்கானது, ஆனா பிறவிக் கோளாறெல்லாம் இதுலதான் விவரமா இருக்கும்னு போன வருஷம் ஒரு டாக்டர் சொன்னாரு. இந்த ரெண்டு பாகம் யாரும் தொடாதது, ஆனா சந்தேகம்னு வந்தா எல்லாரும் இதுக்குத்தான் வருவாங்க. மூன்றுமுறை ஏறி இறங்கினான். நான்காவது முறை நடுப்படியில் நின்று, நெற்றியை அலமாரியில் சாய்த்துக்கொண்டான்.

குருவி தரையிலிருந்து அவனை அண்ணாந்து பார்த்தாள். அவன் முதுகு ஏறி இறங்குவது தெரிந்தது. இரண்டு வருடமாக இப்படித்தான் நின்று நின்று ஏறுகிறான். புத்தகத் தூசி என்று சொல்வான், அவர்களும் தூசி என்றே நினைத்திருந்தார்கள்.

அவளைச் சுற்றி ஏழு புத்தகங்கள் விரிந்து கிடந்தன. ஏழிலும் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்திருந்தாள். ஒன்று ஒரு வரியில் சொன்னது. ஒன்று படம் போட்டுக் காட்டியது. ஒன்று, இவர்கள் பல வருடம் தொல்லையில்லாமல் இருந்துவிட்டு முப்பது வயதுக்குமேல் மாடியேறும்போது மூச்சு வாங்குகிறது என்று வருவார்கள் என்றது. இன்னொன்று, சிறுவயதில் அடிக்கடி சளி பிடித்திருக்கலாம் என்றது. எழுதியவர்கள் வெவ்வேறு நாட்டுக்காரர்கள். சிலர் அவள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர்கள். அவர்களில் ஒருவர்கூட அவள் அண்ணனைப் பார்த்ததில்லை. ஆனால் ஏழு பேரும் அவனைப் பற்றியே எழுதியிருந்தார்கள். அவன் ஏணியில் எந்தப் படியில் நிற்பான் என்றுகூட எழுதியிருந்தார்கள்.

அவளுக்குப் பயத்தைவிட வேறு ஏதோ ஒன்று பெரிதாக எழுந்தது. ஒரு பெரிய கட்டடத்துக்குள் முதல்முறை நுழைந்தவள்போலக் குரல் தானாகத் தணிந்துவிட்டது.

“அண்ணா, இறங்கி வா.”

“இன்னும் ஒண்ணு இருக்கு.”

“போதும். இறங்கு.”

அவன் இறங்கி வந்து, விரித்துக் கிடந்த பக்கங்களைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். ஏழிலும் ஒரே படம்தான் வேறு வேறு வண்ணத்தில் இருந்தது: இதயத்தின் நடுச்சுவரில் ஒரு துளை. பிறகு தங்கையைப் பார்த்தான்.

“இது எனக்கா?”

“தெரியல. நான் தப்பா கேட்டிருக்கலாம்.”

“பன்னெண்டு வருஷமா இதை நான் தூசி தட்டிக்கிட்டிருக்கேன்” என்றான் அவன், யாரும் தொடாத அந்தப் பாகத்தைக் காட்டி. தானும் தரையில் உட்கார்ந்தான். “எந்தப் பக்கம், காட்டு.”

புத்தகங்களை வெளியே இருந்து மட்டுமே பார்த்தவன் அன்று ஒரு பக்கத்தை உள்ளே இருந்து படித்தான். அவள் வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தாள். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்று, இருவரையும் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார்.

*

பேராசிரியரிடம் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் ஆனது. திருப்பி மாட்டிய ஸ்டெதஸ்கோப்பு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. சொன்னதும் அவர், “எங்க கேட்டீங்க?” என்றார்.

“வீட்டுல, மேடம்.”

“இடத்தைக் கேட்டேன். நெஞ்சுல எங்க?”

“இடதுபக்கம், ரெண்டாவது விலா இடைவெளி. படுக்க வச்சும் உட்கார வச்சும் கேட்டேன்.”

“உட்கார வச்சும் கேட்டீங்களா.” அவர் சற்று நேரம் அவளையே பார்த்தார். “நாளைக்குக் கூட்டிட்டு வாங்க.”

மறுநாள் அவர் அண்ணனைக் கட்டிலில் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வார்டில் தட்டுகள் உருளும் சத்தமும் யாரோ தண்ணீர் கேட்கும் குரலும் இருந்தன. அவர் முகம் எங்கோ தொலைவில் இருந்தது. நெடுநேரம் கேட்டார். பிறகு காதிலிருந்து எடுத்துவிட்டு, குருவியின் பக்கம் திரும்பாமல் அண்ணனிடம் பேசினார்.

“உங்க தங்கச்சி கேட்டது சரி.”

அவ்வளவுதான் சொன்னார். தான் தவறாக இருக்க வேண்டும் என்று இரண்டு நாளாக வேண்டிக்கொண்டிருந்ததும், சரியாக இருக்க வேண்டும் என்று உள்ளூர ஆசைப்பட்டதும் ஒரே நேரத்தில் குருவிக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

“மத்த பிள்ளைங்களும் கேக்கலாமா? உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்” என்றார் பேராசிரியர். இப்படித் தெளிவாக ஒரு நெஞ்சு கிடைப்பது அபூர்வம் என்று விளக்கினார்.

எட்டுப் பேரும் கட்டிலைச் சுற்றி வந்து நின்றார்கள். எல்லோருக்கும் அவனைத் தெரியும். எல்லோருக்கும் அவன் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறான். சட்டையில்லாமல் அவனைப் பார்க்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. அவனே நிலைமையை எளிதாக்கினான்.

“வரிசையா வாங்க. இது ஒரே பிரதிதான், அவசரப்பட்டுக் கிழிச்சிடாதீங்க.”

முதலிடக்காரி முதலில் வந்தாள். கேட்டாள். கேட்கவில்லை என்று தலையசைத்தாள். பேராசிரியர் அவள் கையைப் பிடித்து வட்டை ஒரு விரல் அகலம் நகர்த்தினார். மூச்சை விடச் சொன்னார். சட்டென்று அந்தப் பெண்ணின் புருவம் உயர்ந்தது. விலகி அடுத்தவனுக்கு இடம் விட்டாள். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு முகத்திலும் ஒரு கணத்தில் அது நிகழ்ந்தது. முதலில் குழப்பம், பிறகு அந்த அமைதி. பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக வந்தவன் போன வாரம்தான் பெரிய மருத்துவ நூலின் இரண்டு பாகங்களையும் வாங்கியவன். “அண்ணே,” என்றான், “நாலு தடவை படிச்சேன் இதை. ஒண்ணும் புரியல. இப்பப் புரிஞ்சிடுச்சு.”

“முன்னாடியே சொல்லியிருந்தா சட்டையைக் கழட்டியிருப்பேனே” என்றான் அண்ணன்.

ஈசிஜி எடுத்தார்கள். எக்கோ எடுக்கும் அறைக்குக் குருவியும் அம்மாவும் கூடப் போனார்கள். இருட்டாக்கப்பட்ட சிறிய அறை. திரையில் சாம்பல் நிறத்தில் அவன் இதயம் தெரிந்தது. கதவுகள் திறந்து மூடின. இலை காற்றில் அசைவதுபோல மெல்லியவை. டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தியதும் இரத்தம் நிறமாக மாறியது. இடது அறையிலிருந்து வலது அறைக்கு, சுவரின் நடுவில், போகக்கூடாத இடத்தில் ஒரு சிவப்புப் பாய்ச்சல் துடிப்புக்குத் துடிப்பு தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் காதால் கேட்டதை இப்போது கண் பார்த்தது. அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“இதோடவா இவ்வளவு நாள் எல்லாத்தையும் சுமந்தான்” என்றாள் அம்மா.

நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. துளையின் விளிம்புகள் நன்றாக இருந்தன. தொடையிலுள்ள இரத்தநாளம் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி, அதன் முனையில் மடித்து வைத்த வலைத்தட்டை விரித்து அடைத்தார்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம். குருவி வெளியில் பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். எந்தப் புத்தகமும் கொண்டுவரவில்லை. மூன்றாம் நாள் அவன் வீட்டுக்கு வந்தான். துடிக்கும் சுவரில் சதை வளர்ந்து அந்த வலையைத் தன்னோடு சேர்த்து மூடிக்கொள்ளும், அதற்கு ஆறு மாதம் ஆகும், அதுவரை கனம் தூக்காமல், கொடுத்த மாத்திரையை விடாமல் இருக்கச் சொன்னார்கள். அண்ணனுக்கு அதுதான் பெரிய ஆச்சரியமாக இருந்தது. “உள்ள அதுவா தச்சுக்குதாம்மா” என்று அம்மாவிடம் இரண்டு மூன்று முறை சொன்னான்.

ஆறு மாதம் கழிந்தது. குருவி அறுவை சிகிச்சைப் பிரிவை முடித்துப் பிரசவ வார்டில் இருந்தாள். பரிசோதனையில் எல்லாம் சரி என்று பேராசிரியர் சொல்லி அனுப்பிய நாள், மாலை வெளிச்சம் இருக்கும்போதே மூவரும் வீட்டில் இருந்தார்கள். குருவி அவனை உட்கார வைத்துக் கேட்டாள்.

மூச்சை இழுத்தான். டடப்.

விட்டான். டப்.

இன்னொரு முறை. இழுத்தால் இரண்டு, விட்டால் ஒன்று. துணி உரசும் அந்தச் சத்தத்தைத் தேடினாள். இல்லை. நெஞ்சின் மற்ற இடங்களிலும் வைத்துப் பார்த்தாள். எங்குமே இல்லை.

“நல்லதா, கெட்டதா, சொல்லிடு” என்றான் அண்ணன்.

அவள் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அவன் காதில் மாட்டிவிட்டாள். அவன் கேட்டான். முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பு மறைந்து, வாய் லேசாகத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“எனக்குக் குடுடா” என்றாள் அம்மா.

வாழ்நாள் முழுக்க மருத்துவர்களுக்குக் கோட்டு தைத்தவள் அதுவரை அதைக் காதில் வைத்ததில்லை. குருவி சரியாக மாட்டிவிட்டு, வட்டை மகன் நெஞ்சில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அம்மா தலையைக் குனிந்து கேட்டாள்.

“இது எப்ப ஆரம்பிக்கும்?” என்று கேட்டாள்.

“எது?”

“இந்தச் சத்தம். பொறக்கும்போதா?”

“இல்லம்மா. வயித்துல உண்டாகி இருபத்தி ரெண்டு நாள்ல துடிக்க ஆரம்பிச்சிடும்.”

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். “இருபத்தி ரெண்டு நாளா? அப்ப எனக்கு நாள் ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான். உங்க அப்பாகிட்டகூடச் சொல்லல. கணக்குத் தப்பியிருக்கும்னு நினைச்சுக்கிட்டு மெஷின்ல உட்கார்ந்து தச்சுக்கிட்டிருந்தேன்.”

“அப்பவே இவன் துடிச்சுக்கிட்டுதான் இருந்தான்” என்றாள் குருவி.

அம்மா மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் அசையாமல், மூச்சை ஒழுங்காக இழுத்து விட்டுக்கொண்டு, அவள் கேட்டு முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.